வெந்நீரில் மட்டும் அடங்கிய வாந்தி: அடிலெய்டு மலைப்பகுதியின் கஞ்சா நோயாளிகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் மவுண்ட் பார்க்கர் வரும். மலைப்பகுதியில் இருக்கும் சிறிய ஊர். அங்கே பணியாற்றிய மருத்துவர் ஜே.ஹெச். ஆலன், வேறு மூன்று மருத்துவர்களுடன் சேர்ந்து 2004-இல் 'கட்' என்ற பிரிட்டிஷ் குடல்நோய் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தம் 5 பக்கம்தான். வருடக்கணக்கில் கஞ்சா புகைக்கும் சிலருக்கு அடக்க முடியாத வாந்தி விட்டுவிட்டு வருகிறது, கஞ்சாவை நிறுத்தினால் நிற்கிறது, மறுபடி தொட்டால் திரும்புகிறது. கட்டுரை சொன்னது இவ்வளவுதான்.

இதை நம்புவதற்கு அன்றைக்குப் பெரிய தயக்கம் இருந்தது. கஞ்சா வாந்தியை நிறுத்தும் என்பதுதானே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி? 1839-இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாஹ்னசி என்ற மருத்துவர் கஞ்சாவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியதிலிருந்து ஐரோப்பிய மருத்துவத்தில் அதற்கு மருந்து என்ற பெயரும் உண்டு. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, டிரோனாபினால் என்ற பெயரில் மாத்திரையாக்கினார்கள். புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கு அதைத் தரலாம் என்று 1985-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதியும் கொடுத்தது. அப்படிப்பட்ட பொருளே வாந்திக்குக் காரணம் என்று ஒரு மலையூர் மருத்துவர் சொன்னால் யார்தான் உடனே ஒப்புக்கொள்வார்கள்?

நோயாளிகள் எப்படி வந்தார்கள் என்பதைப் பார்த்தால், ஏன் இவ்வளவு நாள் இது பிடிபடவில்லை என்று புரியும். இந்த நோயின் முதல் கட்டம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். ஆனால் வேலைக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள். கஞ்சா அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். அப்புறம் ஒருநாள் இரண்டாம் கட்டம் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் பல தடவை வாந்தி. வயிற்றில் எதுவும் இல்லாமல் பித்தநீர் மட்டும் வரும், அதுவும் தீர்ந்த பிறகு வெறும் ஓங்கரிப்பு. நடுவயிற்றில் வலி. தண்ணீர்கூட இறங்காது. ஒன்றிரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, சில நாளில் தெளிந்து வீட்டுக்குப் போவார்கள். சில வாரமோ சில மாதமோ நன்றாக இருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

இதற்கு நடுவே எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்திருக்கும். பெரிதாக ஒன்றும் அகப்படாது. அல்சர் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். பிற்காலத்தில் வெளிவந்த நோயாளி விவரங்களில், காரணம் தெரியாமல் பித்தப்பையையே எடுத்துவிட்ட கதைகளும் உண்டு. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, நோயாளியும் கொஞ்சம் பதற்றமான ஆளாக இருந்துவிட்டால், கடைசியில் ஒரு முத்திரை விழும்: மனம் சார்ந்த வாந்தி.

அடிலெய்டு நோயாளிகளிடம் விசித்திரமான பழக்கம் ஒன்று இருந்தது. வாந்தி உச்சத்தில் இருக்கும்போது வெந்நீரில் குளித்துக்கொண்டே இருந்தார்கள். அழுக்குப் போக்குவதற்காக அல்ல. சூடான தண்ணீர் மேலே விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் குமட்டலும் வலியும் அடங்கியிருக்கும். தண்ணீர் ஆறினாலோ, வெளியே வந்தாலோ மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பல முறை, மணிக்கணக்கில், பொறுக்க முடிகிற அளவுக்குச் சூடாக. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டது. பின்னாளில் மற்ற நாடுகளிலிருந்து வந்த அறிக்கைகளில் தோல் வெந்துபோகும் அளவுக்குக் குளித்தவர்களும் இருக்கிறார்கள். எண்டோஸ்கோப்பியில் தெரியாத நோய் குளியலறையில் தெரிந்தது. ஆனால் வயிற்று நோயாளியிடம் 'எத்தனை தடவை குளிக்கிறீர்கள்' என்று கேட்க எந்த மருத்துவருக்குத் தோன்றும்?

ஆலன் குழுவினர் செய்த ஆய்வு எளிமையானது. நீண்ட நாள் கஞ்சாப் பழக்கமும் சுழற்சியாக வரும் வாந்தியும் சேர்ந்து இருந்த 19 பேரை அடையாளம் கண்டார்கள். அவர்களில் 5 பேர் ஆய்வுக்குச் சம்மதிக்காமல் போய்விட்டார்கள். வேறு காரணங்களும் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் இன்னும் 5 பேரை மருத்துவர்களே விலக்கினார்கள். மிச்சம் 9 பேர். இவர்களோடு, முன்பே ஓர் இதழில் வெளியாகியிருந்த இன்னொரு நோயாளியின் விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆக 10 பேர்.

யாரையும் கஞ்சா அடிக்கச் சொல்லிச் சோதிக்க முடியாது. சட்டமும் விடாது, மருத்துவ அறமும் விடாது. ஆகவே எல்லோரிடமும் நிறுத்தச் சொன்னார்கள். சிறுநீர்ப் பரிசோதனையை அவ்வப்போது செய்து, உண்மையிலேயே நிறுத்தினார்களா என்று பார்த்துக்கொண்டார்கள். நிறுத்திய 7 பேருக்கு வாந்தி நின்றது. நிறுத்தாத 3 பேருக்கு நிற்கவில்லை. இதோடு விட்டிருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் 3 பேர் தாங்களாகவே மறுபடி கஞ்சாவைத் தொட்டார்கள், நோயும் திரும்பியது. அவர்களில் 2 பேர் இரண்டாம் முறை நிறுத்தியதும் குணமானார்கள். மூன்றாமவர் நிறுத்தவில்லை, நோயோடு இருந்தார். மருத்துவர்கள் செய்யக் கூடாத சோதனையை நோயாளிகளே தங்கள் உடம்பில் செய்து காட்டிவிட்டார்கள். வெந்நீர் விஷயத்தில் 10 பேரில் 9 பேர் ஒரே மாதிரி.

பத்துப் பேர் என்பது சின்ன எண்தான். ஆனாலும் நிறுத்தினால் போகிறது, தொட்டால் வருகிறது, மறுபடி நிறுத்தினால் மறுபடி போகிறது என்ற வரிசை ஒரே ஆளிடம் நடந்தால், நூறு பேரிடம் வாங்கிய கேள்வித்தாள் பதிலைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

முன்பே வெளியான அந்தப் பத்தாவது நோயாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1996-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மனநல மருத்துவ இதழ் ஒன்றில் அந்த விவரம் வந்தது. எழுதியவர்களில் முதலாமவர் ஜி.எம். டி மூர் என்ற மனநல மருத்துவர். அன்றைக்குத் தலைப்பிலேயே அதை மனம் சார்ந்த வாந்தி என்றுதான் குறித்திருந்தார்கள். கஞ்சா அந்த நோயைச் சிக்கலாக்கிய ஒரு பழக்கம், அவ்வளவுதான். வாந்தியின் வேகத்தில் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்ததும் இன்னொரு சிக்கல். எட்டு வருடம் கழித்து வந்த அடிலெய்டு கட்டுரையில் அதே டி மூர் இரண்டாவது ஆசிரியராக இருக்கிறார். 1996-இல் ஓரத்தில் இருந்த கஞ்சா 2004-இல் காரணமாக நடுவுக்கு வந்துவிட்டது. நோயாளி அதே நோயாளி, குறிப்புகளும் அதே குறிப்புகள்தான். தன் பழைய முடிவை மறுவாசிப்புக்கு விட்டுக்கொடுக்கிற மருத்துவர்களை அதிகம் பார்க்க முடியாது. டி மூருக்கு ஒரு சலாம்.

எதிர்ப்பும் வந்தது. 2006-இல் அதே 'கட்' இதழில் சிட்னியைச் சேர்ந்த போதை மருத்துவர்கள் ஆண்ட்ரூ பைர்ன், அலெக்ஸ் வோடாக் ஆகியோர் இந்தக் காரண காரியத் தொடர்பைக் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். கேள்வி நியாயமானதுதான். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் புகைக்கிறார்கள். அப்படி ஒரு நோய் இருந்தால் இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தது? நமக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே எழும். கஞ்சா இலையை அரைத்துக் குடிக்கும் பங்கும், புகைக்கும் கஞ்சாவும் நூற்றாண்டுகளாகப் புழங்கும் நாடு இது. 1893–94-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கியது. அளவாக எடுப்பவர்களுக்குப் பெரிய கேடில்லை, மிதமிஞ்சி எடுப்பவர்களுக்குத் தீங்கு என்று அது முடிவு சொன்னது.

அந்த 'மிதமிஞ்சி' என்பதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்றைக்கு மிதமிஞ்சியது இன்றைக்குச் சாதாரண அளவு. அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவைப் பரிசோதித்ததில், 1995 வாக்கில் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014-இல் 12 சதவீதம் ஆகியிருந்தது. மூன்று மடங்கு. அதோடு, ஹோலிக்குப் பங்கு குடிப்பதும் காலை மாலை புகைப்பதும் ஒன்றல்ல. டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும். ஒருமுறை போட்டது முழுதாக வெளியேறும் முன்னே அடுத்தது வந்து சேரும். மூளையிலும் குடலிலும் சி.பி.1 என்ற ஏற்பிகள், அதாவது வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. டி.எச்.சி. வேலை செய்வது அவற்றின் வழியாகத்தான். கொஞ்சமாக எடுக்கும்போது குமட்டலை அடக்கும் அதே அமைப்பு, வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் தூண்டப்படும்போது தாறுமாறாகிறது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஏன் சிலருக்கு மட்டும் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

புகைப்பவர்களிடையே இன்னொரு கதை சுற்றியது, நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். குற்றவாளி கஞ்சா அல்லவாம், செடிக்குப் பூச்சி வராமல் அடிக்கும் வேப்பெண்ணெயாம்! வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் சேர்ந்து சேர்ந்து விஷமாகிறது என்று அமெரிக்காவில் பலர் உறுதியாக நம்பினார்கள். ஆனால் வேப்பெண்ணெயே படாத, ஆய்வகத்தில் செய்த செயற்கைக் கஞ்சாவைப் புகைத்தவர்களுக்கும் இதே வாந்தி, இதே வெந்நீர். பிடித்த பொருளின்மேல் பழி விழக் கூடாது என்ற ஆசைதான் வேம்பைக் கூண்டில் ஏற்றியது.

அடுத்த சில வருடங்களில் சந்தேகம் குறைந்தது. 2012-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 98 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது. எல்லோரும் 50 வயதுக்குக் கீழே. குளியலைப் பற்றிய குறிப்பு இருந்த 57 பேரில் 52 பேருக்கு வெந்நீரில் நிவாரணம் கிடைத்திருந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2009-இல் மருத்துவக் கஞ்சாவுக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளை ஒப்பிட்டு 2015-இல் வந்த ஆய்வில், சுழற்சி வாந்தியோடு வந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. 2016-இல் குடல்நோய் வல்லுநர்களின் ரோம் வரையறைகளில் இந்த நோய்க்கு இடம் கிடைத்தது. 2025 அக்டோபரிலிருந்து அமெரிக்க மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிக் குறியீட்டு எண்ணும் இருக்கிறது.

சிகிச்சையிலும் ஒரு வினோதம். எந்த வாந்திக்கும் முதலில் போடும் ஆன்டன்செட்ரான் ஊசி இவர்களுக்குப் பெரும்பாலும் எடுபடாது. மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் அதைவிட நன்றாகக் கேட்கிறது என்று 2021-இல் கனடாவில் நடந்த சிறிய ஒப்பீட்டுச் சோதனை காட்டியது. இன்னொன்று மிளகாய். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கலந்த களிம்பை வயிற்றின்மேல் தடவுகிறார்கள். சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பிதான் காரத்தையும் உணர்கிறது. வெந்நீர் செய்கிற வேலையைக் களிம்பு செய்கிறது, கை மட்டும் கண்ணில் படக் கூடாது. வலிக்கு மார்பின் வகை ஊசி போடுவது நிலைமையை மோசமாக்கும். நீர்ச்சத்தும் உப்புகளும் குறைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. இறந்தவர்களைப் பற்றியும் 2019-இல் தடயவியல் இதழில் பதிவு வந்திருக்கிறது. ஆகவே 'போதைக்காரன், கிடக்கட்டும்' என்று விட்டுவிடக் கூடிய வாந்தி அல்ல.

தினசரிப் பழக்கத்தின் மற்ற கேடுகள் ஓரளவு தெரிந்தவையே. சுவீடனில் ராணுவத்துக்குத் தேர்வான 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்து 1987-இல் வெளியான ஆய்வு, அதிகமாகக் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு என்றது. 2019-இல் ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஆய்வும் வீரியமான சரக்கைத் தினமும் எடுப்பவர்களிடம் மனப்பிறழ்வு அதிகம் என்று காட்டியது. 'கஞ்சாவுக்கு அடிமையாக முடியாது, அது வெறும் மூலிகை' என்பதும் பொய். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, சிலருக்குக் குமட்டலும்கூட. வாந்தி நோயாளிகள் சிலர் இந்த வாரத்திலேயே திரும்பவும் பழக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

சரி, இது ஏன் அடிலெய்டில் கண்ணில் பட்டது, வேறெங்கும் படவில்லை? 1987-லிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்தால் வழக்கு கிடையாது, போக்குவரத்து அபராதம் மாதிரி ஒரு சீட்டு. கட்டிவிட்டால் முடிந்தது. தொடக்கத்தில் வீட்டில் 10 செடி வரை அபராதத்தோடு போகும்; பிறகு அதைப் படிப்படியாக ஒரே செடியாகக் குறைத்தார்கள். செடி வீட்டுக் கொல்லையிலேயே இருந்ததால் தினசரிப் புகைப்பவர்கள் பெருகியிருப்பார்கள், நோயாளிகளும் பெருகியிருப்பார்கள் என்று ஒரு பக்கம் சொல்லலாம். கொலராடோ கணக்கும் அதைத்தான் சொல்கிறது. இன்னொரு பக்கம், மருத்துவரிடம் 'ஆமாம், தினமும் அடிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, திரும்பத் திரும்ப வந்து சிறுநீர்ப் பரிசோதனைக்கு நிற்கிற தைரியம் அங்கேதான் ஒருவருக்கு வரும். சிறை பயம் இருக்கிற ஊரில் அந்தப் 10 பேர் 10 அல்சர் நோயாளிகளாகவே இருந்திருப்பார்கள். இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. சட்டத்தைத் தளர்த்தச் சொல்பவர்கள் முதல் பாதியை விழுங்கிவிடுகிறார்கள், இறுக்கச் சொல்பவர்கள் இரண்டாம் பாதியை.

இங்கே நிலைமை வேறு. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவை உட்கொள்வதே குற்றம். 27-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போதாக்குறைக்குக் குடும்ப மானம். 2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய கணக்கெடுப்பு, பங்கையும் சேர்த்து நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் கஞ்சாவகைப் பொருட்களைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. அத்தனை பேரில் எத்தனை பேர் மருத்துவரிடம் வாயைத் திறப்பார்கள்? ஓ.பி.யில் உட்கார்ந்து கேட்டால் இது ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"தம்பி, சிகரெட், தண்ணி ஏதாவது பழக்கம்?"

"அதெல்லாம் இல்ல சார்."

பக்கத்தில் அம்மா. "எப்பவாவது ஃப்ரெண்ட்ஸோட பீர் குடிப்பான் சார். வேற எதுவும் கிடையாது. நல்ல பையன்."

அம்மாவை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். குரலில் அதட்டல் இருந்தால் காரியம் கெட்டது.

"போலீஸ்ல சொல்ல மாட்டேன், அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன். கஞ்சா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பான். "அப்பப்ப சார்."

"அப்பப்பன்னா?"

"டெய்லி நைட்டு. காலைலயும். காலேஜ் செகண்ட் இயர்ல இருந்து. அத அடிச்சாதான் சார் சோறே இறங்குது, வயித்துக்கு நல்லதுதானே?"

"வாந்தி வரும்போது சுடுதண்ணில குளிச்சா நல்லா இருக்கா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் நிமிர்ந்து பார்ப்பான்.

எண்டோஸ்கோப்பிக்கு எழுதும் முன் ஐந்து நிமிடம் இப்படிப் பேசினால் குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம். ஆனால் கேட்கிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கஞ்சா அடிப்பவனுக்கு வருகிற வாந்தியெல்லாம் கஞ்சா வாந்தி ஆகிவிடாது. குடல் அடைப்பு, கணையப் பாதிப்பு, சர்க்கரை முற்றிய நிலை, பெண்கள் என்றால் கர்ப்பம் — இவற்றை விலக்கிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். வெந்நீர்க் குளியலை மட்டும் நம்பவும் முடியாது. கஞ்சாவே தொடாத சுழற்சி வாந்தி நோயாளிகள் சிலரும் அப்படிக் குளிக்கிறார்கள். 2024-இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் கொடுத்த வழிகாட்டுதல் நடைமுறைக்கு உதவும். வாந்தி தொடங்குவதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் பழக்கம், வாரத்துக்கு 4 தடவைக்கு மேல் உபயோகம், வருடத்தில் 3 முறையாவது ஒரே மாதிரி தாக்குதல், ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்குள். கஞ்சாவை விட்டுக் குறைந்தது 6 மாதமாவது வாந்தி இல்லாமல் இருந்தால்தான் நோய் இதுதான் என்று உறுதியாகும்.

சிக்கலே அந்த 6 மாதம்தான். விட்ட ஒரு மாதத்தில் வாந்தி வராமல் இருக்கும். 'பார்த்தீங்களா, நல்லாத்தானே இருக்கேன், ஒண்ணே ஒண்ணு' என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒன்று வயிற்றை ஒன்றும் செய்யாது, அடுத்ததும் செய்யாது. பழைய அளவுக்குப் போன பிறகுதான் வாந்தி திரும்பும். அதற்குள் கஞ்சாவுக்கும் வாந்திக்கும் சம்பந்தமில்லை என்று அவர்களே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். இந்த இடைவெளியைத் தாண்ட, மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது. பேச ஆள் வேண்டும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.

சட்டத்துக்குப் பயந்து சிகிச்சைக்கே வராதவர்களுக்கு அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், உட்கொண்ட குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ மாட்டினால், அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெறும்போது வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். கஞ்சா வழக்கில் மாட்டிய பையனின் பெற்றோர் முதலில் ஓடுவது வக்கீலிடம்தான். இந்தப் பிரிவைப் பற்றி அங்கேயே கேட்டுவிடலாம்.